சிலுவைக்கு விலைச்சீட்டு உண்டா?

தவக்காலம் தொடங்கினால் போதும், கேள்விகள் எல்லாம் சிலுவைப் பக்கம் திரும்பிவிடுகின்றன. பக்தியோடு வந்தவற்றைவிடக் கோபத்தோடு வந்தவை சுவையாக இருந்ததால் அவற்றுக்கு இடம் அதிகம்.

இயேசு யாருக்காகச் செத்தார்? ஒரே வரியில் சொல்லவும்.
(வாசகர், திண்டுக்கல்)

இயேசுவுக்குப் பதிலாக விடுதலையான பரபாசைக் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பான்: "எனக்காக."

மகளுக்குப் புதுநன்மை. கழுத்துக்குத் தங்கச் சிலுவை எடுக்கப் போகிறோம். எத்தனை பவுனில் எடுத்தால் மரியாதையாக இருக்கும்?
(இல்லத்தரசி, தஞ்சாவூர்)

இன்றைய விலையில் ஒரு கிராமே மரியாதைதான். தாராளமாக எடுங்கள். ஆனால் கழுத்தில் தொங்குவது என்ன சாமான் என்று பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறைக் குகையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு. பக்கவாட்டில் அதைத் துளைத்துக்கொண்டு சுமார் 11 சென்டிமீட்டர் இரும்பாணி. ஆணியின் முனை கொக்கிபோல வளைந்திருந்தது. அடிக்கும்போது மரத்தின் கணுவில் பட்டு மடங்கியிருக்க வேண்டும். இறக்கும்போது பிடுங்க வரவில்லை. ஆணியோடு சேர்த்தே அடக்கம் செய்துவிட்டார்கள். பெட்டியில் பொறித்திருந்த பெயர் யோகனான். சிலுவையில் அறையப்பட்ட, இருபதுகளில் இருந்த வாலிபர். ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கியபோது மட்டும் ரோமானியர் ஒரே சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள் என்கிறது வரலாறு. அத்தனை பேரில் ஒருவரின் எலும்பும் நமக்குச் சாட்சி சொல்லவில்லை. ஓர் ஆணி மடங்கியதால் இந்த வாலிபர் சொல்கிறார்.

தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் மீன் வரைந்தார்கள், நங்கூரம் வரைந்தார்கள், ஆட்டைத் தோளில் போட்ட மேய்ப்பனை வரைந்தார்கள். சிலுவையில் தொங்கும் ஆண்டவரை வரையக் கை வரவில்லை. ரோமில் ஒரு சுவரில் அந்தக் காட்சியைக் கிறுக்கி வைத்தது கேலி செய்தவன்தான்: சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், கீழே அதைக் கும்பிடும் ஆள். சாந்தா சபீனா ஆலயத்தின் மரக்கதவில் விசுவாசிகளே அதைச் செதுக்கியது 5ஆம் நூற்றாண்டில். அதற்குள் அந்தத் தண்டனை வழக்கொழிந்து, நேரில் பார்த்தவர்கள் யாரும் உயிரோடில்லை. சிலுவை நகையாவது அதற்குப் பிறகுதான் சாத்தியம்.

நாற்பது நாள் கறி தொடுவதில்லை. புண்ணியம் கிடைக்குமா?
(வங்கி ஊழியர், திருச்சி)

ஆட்டுக்கு நிச்சயம் கிடைக்கும். உங்களுக்குக் கிடைப்பது, கறிக்குப் பதில் என்ன வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆட்டுக்கறியைத் தியாகம் செய்துவிட்டு அதைவிட விலை கூடிய வஞ்சிரத்தை வறுத்துச் சாப்பிடுகிற ஒறுத்தலை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. போகட்டும், இன்னொன்று: சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள். ஞாயிறு ஆறையும் கழித்தால்தான் 40. கழிக்கச் சொன்னது திருச்சபை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியால் ஈடுகட்டிக்கொள்வது நீங்கள்.

கடவுளுக்கு ஏன் இரத்தம் வேண்டும்? போனால் போகிறது என்று சும்மா மன்னிக்கக் கூடாதா? அப்படி மன்னிக்காத கடவுள் அன்பானவர் என்பது வேடிக்கையாக இல்லையா?
(கல்லூரி மாணவர், மதுரை)

வந்ததிலேயே நல்ல கேள்வி இது. இரண்டாயிரம் வருஷமாகப் பெரிய தலைகள் எல்லாம் இதில் முட்டியிருக்கின்றன.

4ஆம் நூற்றாண்டில் நீசா நகர் ஆயர் கிரகோரி ஒரு விளக்கம் சொன்னார்: மனிதர்கள் சாத்தானிடம் சிறைப்பட்டிருந்தார்கள், இயேசு மீட்புப் பணம். மனித உடல் இரை, உள்ளே மறைந்த தெய்வத்தன்மை தூண்டில் முள். சாத்தான் விழுங்கி மாட்டிக்கொண்டான். கேட்க விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் அவருடைய நண்பரான நசியான்சு கிரகோரிக்கே இந்தப் பேச்சு பொறுக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குக் கடவுள் பணம் கட்டுவதா? சரி, பிதாவுக்குக் கட்டினார் என்றால், பிதா எப்போது கேட்டார்? உங்கள் கேள்வியை அவர் அன்றே கேட்டுவிட்டார், தம்பி.

1098 வாக்கில் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம் வேறு கணக்குப் போட்டார். பாவம் கடவுளின் மாண்புக்கு வந்த இழுக்கு. ஈடு கட்ட வேண்டியவன் மனிதன், கட்டும் வலு கடவுளுக்கே. ஆகவே இரண்டுமாக இருப்பவர் வேண்டும். பிரபுக்களும் குடிகளும் இருந்த காலத்தின் வாடை அதில் அடிக்கிறது. அடுத்த தலைமுறையில் பாரிஸ் பேராசிரியர் அபெலார்ட், சிலுவை கடவுளின் மனத்தை மாற்ற வந்ததல்ல, அந்த அன்பைப் பார்த்து நம் மனம் மாறத்தான் என்றார். இதில் எது சரி? எந்தப் பொதுச் சங்கமும் ஒன்றைத் தேர்ந்து முத்திரை குத்தவில்லை. ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாச அறிக்கையும் நமக்காக என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. எப்படி என்று சொல்வதில்லை.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கைமாற்றாகக் கொடுத்த பத்தாயிரத்தை நண்பன் திருப்பித் தர முடியாமல் நிற்கிறான். போகட்டும் விடு என்கிறீர்கள். பத்தாயிரம் எங்கே போயிற்று? உங்கள் பையிலிருந்துதான் போயிற்று. சும்மா மன்னிப்பது என்று ஒன்று கிடையாது. மன்னிப்பவன் நஷ்டத்தை ஏற்கிறான். சிலுவையில் கடவுள் யாரிடமோ இரத்தம் வசூலித்தார் என்று படித்தால் அது பயங்கரம்தான். தன் கணக்கில் எழுதிக்கொண்டார் என்று படித்துப் பாருங்கள்.

நான் இந்து. அவரவர் வினை அவரவருக்கு என்று படித்து வளர்ந்தவன். ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பது நியாயமாகப் படவில்லையே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

நீங்கள் தனியாக இல்லை ஐயா. பழைய ஏற்பாட்டின் எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுக்க உங்கள் கட்சிதான்: தகப்பன் தப்புக்கு மகன் சாக வேண்டியதில்லை. ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட்டும் 1793இல் எழுதிய நூலில் இதையே சொன்னார்: பணக்கடனை இன்னொருவன் அடைக்கலாம், குற்றக்கடனைக் கைமாற்ற முடியாது.

மூன்றாவது ஆள் ஒருவரைப் பிடித்துவந்து அடித்தார்கள் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. கோபக்காரத் தகப்பன், அடிவாங்கும் அப்பாவி மகன் என்று பிரசங்கிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கிறிஸ்தவத்தையே சரியாகச் சொல்லவில்லை. கார்ல் பார்த் என்ற சுவிஸ் இறையியலாளர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது இதைத்தான்: கூண்டில் ஏறி நின்றது நீதிபதியே. நம்புகிறவனுக்கு இயேசு வெளியாள் அல்ல. கடவுள் வேறு, பலியானவர் வேறு என்று பிரித்த மறு நிமிஷம் உங்கள் ஆட்சேபம் ஜெயித்துவிடும். பிரிக்க மாட்டோம் என்பதில்தான் மொத்த வழக்கும் நிற்கிறது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். ஆனால் மறுப்பதற்கு முன் சரியான ஆளை மறுக்கிறோமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

யூதாஸ் இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய முப்பது வெள்ளிக்காசு இன்றைய மதிப்பில் எவ்வளவு? வாட்ஸ்அப்பில் கோடிக்கணக்கில் வருகிறது.
(நகைத் தொழிலாளி, கோவை)

வாட்ஸ்அப்பில் எல்லாமே கோடிக்கணக்கில்தான் வரும். உங்களுக்குத் தராசு தெரியும், போட்டுப் பாருங்கள். ஆலயத்தில் செல்லுபடியான தீரு நகரத்துச் சேக்கல் என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். ஒன்று சுமார் 14 கிராம். முப்பதும் சேர்ந்து 420 கிராம், அரைக் கிலோகூட இல்லை. கூலிக்கணக்கில் பார்த்தால் ஒரு சேக்கல் நாலு தெனாரி, ஒரு தெனாரி ஒருநாள் கூலி. ஆக 120 நாள் சம்பளம்.

அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுருக்கென்று குத்தும். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில், ஒருவனுடைய மாடு அடுத்தவன் அடிமையை முட்டிக் கொன்றுவிட்டால் எஜமானுக்குத் தர வேண்டிய நஷ்டஈடு முப்பது சேக்கல். சில நாள் முன்பு பெத்தானியாவில் ஒரு பெண் இயேசுவுக்குப் பூசிய பரிமளத் தைலத்தின் விலையோ 300 தெனாரிக்கு மேல். வீணாகிவிட்டதே என்று முனகியவன் யூதாஸ்தான் என்கிறார் யோவான். தைலத்துக்கு 300 என்று சரியாக மதிப்புப் போட்டவன், ஆளை 120க்குத் தள்ளிவிட்டான். அவன் திருடன் என்பது தெரியும். மோசமான வியாபாரி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அத்தனை புனிதர்கள் இருக்க, விசுவாச அறிக்கையில் பொந்தியு பிலாத்துவுக்கு எதற்கு இடம்?
(மறைக்கல்வி ஆசிரியை, நாகர்கோவில்)

தேதி போட. ஒரு காலத்தில் ஒரு ஊரில் என்று தொடங்குகிற கதையல்ல இது; இன்ன அதிகாரியின் ஆட்சியில் நடந்த மரண தண்டனை என்பதற்கு அத்தாட்சி. அவர் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ரோம ஆளுநராக இருந்தார். அவர் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. பாவம், கையைக் கழுவியும் பெயர் போகவில்லை.

சாக்ரடீஸ் அமைதியாக விஷக் கோப்பையைக் குடித்தார். இயேசு கெத்சமனேயில் வியர்த்து நடுங்கி, இந்தப் பாத்திரம் வேண்டாமே என்று கெஞ்சினார். யார் வீரர்?
(வழக்கறிஞர், சேலம்)

சாக்ரடீஸ்தான். வீரத்துக்குப் பரிசு என்றால் அவருக்கே கொடுத்துவிடலாம். சுற்றிலும் சீடர்கள், கடைசிவரை உரையாடல், வலி குறைந்த சாவு, வயதும் எழுபது. இந்தப் பக்கம் சீடர்கள் தூங்குகிறார்கள், பிறகு ஓடுகிறார்கள், வயது முப்பதைத் தாண்டிச் சில வருஷம், உடுப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியில் கடவுளும் கைவிட்டார் என்று கத்திக்கொண்டே சாகிறார். கட்டுக்கதை எழுதுகிறவர்கள் தங்கள் நாயகனுக்கு இப்படி ஒரு முடிவு எழுத மாட்டார்கள். மாற்கு எழுதினார்.

விசுவாசிகள் இங்கே பிடித்துக்கொள்வது வீரத்தை அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, வேண்டாம் ஆண்டவரே என்று நடுங்கியவர்களுக்கு ஒலிவ மலை அடிவாரத்தில் ஒரு கூட்டாளி கிடைக்கிறார். நடுங்கியும் எழுந்து போனார் என்பதுதான் விஷயம். நடுங்காதவருக்கு விலை என்ன தெரியும்?

பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கம், மூன்று மணி நேரம். சுருக்கக் கூடாதா?
(பாடகர் குழு உறுப்பினர், பாளையங்கோட்டை)

ஆண்டவர் ஏழையும் சுருக்கமாகத்தான் சொன்னார், நீட்டியது நாம். இந்த மும்மணி ஆராதனை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டின் லிமாவில் ஓர் இயேசு சபைக் குருவால் தொடங்கியது. அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி, கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தத்தெடுத்துக்கொண்டார்கள். ஸ்பெயினில் காதிஸ் நகர ஆலயத்தார், ஒவ்வொரு வார்த்தைக்கும் பிறகு வாசிக்க ஓர் இசை வேண்டும் என்று இசையமைப்பாளர் ஹைடனைக் கேட்டார்கள். மெதுவான உருப்படிகள் ஏழு, ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிஷம். கேட்கிறவர்கள் களைக்காமல் எழுதுவது லேசான வேலையல்ல என்று அவர் பிற்பாடு குறைப்பட்டுக்கொண்டார். ஹைடனுக்கே அந்தப் பயம் இருந்தது. நம் குருவானவர்களுக்கு இல்லை.

இரட்சிப்பு இலவசம் என்கிறீர்கள். பிறகு சிலுவையைச் சுமந்துகொண்டு வா என்கிறீர்கள். இலவசமா, விலையா? ஒன்றைச் சொல்லுங்கள்.
(சிறுதொழில் நடத்துபவர், தூத்துக்குடி)

இலவசம். மலிவு அல்ல. வியாபாரியான உங்களுக்கு இந்த வித்தியாசம் எளிதில் பிடிபடும்.

இதை நம் காலத்தில் கூர்மையாகப் பேசியவர் டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் லூத்தரன் போதகர். 1937இல் சீடத்துவத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மனந்திரும்பாத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை, இவற்றைச் சபை கூவிக்கூவி விற்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஹிட்லருக்குச் சலாம் போட்டுக்கொண்டே திருவிருந்தும் எடுத்துக்கொண்டிருந்த சபைகளைப் பார்த்து எழுதியது. அதே வருஷம் அவர் நடத்திவந்த குருமடத்தைக் கெஸ்டாப்போ இழுத்து மூடியது.

எழுதுவது யாருக்கும் முடியும். 1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்குக்கு வரவழைத்துவிட்டார்கள். வேலை தயார், பாதுகாப்பு தயார். ஒரு மாதம்கூட நிற்கவில்லை, கப்பலேறித் திரும்பிவிட்டார். கஷ்டகாலத்தில் என் ஜனத்தோடு இல்லாவிட்டால், பிறகு அவர்களைக் கட்டியெழுப்ப எனக்கு என்ன உரிமை என்பது அவர் நியாயம். 1943இல் கைது. 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பூர்க் முகாமில் தூக்கு. வயது 39. இரண்டே வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கப்பல் டிக்கெட்டுக்கு அவர் கொடுத்த விலையால் இரட்சிப்பை வாங்கினார் என்று எந்த லூத்தரனும் சொல்ல மாட்டார். ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நம்பியவர் செய்த செலவு அது.

ஒருவருக்குப் பதில் இன்னொருவர் சாவது சினிமாவில்தான் நடக்கும். நிஜத்தில்?
(வாசகி, வேலூர்)

1941 ஜூலை இறுதி, ஆஷ்விட்ஸ் வதைமுகாம். ஒரு கைதியைக் காணவில்லை என்பதற்காகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஒருவர் போலந்துப் படைவீரர் கயோவ்னிசெக். மனைவி, பிள்ளைகள் என்று அவர் அலறியதைக் கேட்டு வரிசையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார்: பிரான்சிஸ்கன் குரு மாக்சிமிலியன் கோல்பே. எனக்குக் குடும்பம் இல்லை, இவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். அதிகாரி சம்மதித்தான். இரண்டு வாரம் உணவின்றியும் உயிர் போகாததால் ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டார்கள்.

கயோவ்னிசெக் பிழைத்து வீடு திரும்பினார். மனைவி இருந்தார். யாருக்காக அலறினாரோ அந்த மகன்கள் இருவரும் போரின் கடைசிக் கட்டத்தில் குண்டுவீச்சில் இறந்துபோயிருந்தார்கள். பிரசங்கங்களில் இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள். கதை சுத்தமாக முடியாதே. 1982இல் கோல்பேயைப் புனிதராக அறிவித்தபோது வத்திக்கானில் இருந்தார் கயோவ்னிசெக். 1995 வரை வாழ்ந்தார். இன்னொருவர் கொடுத்த ஆயுளை 53 வருஷம் என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்கள் எல்லோரும் தங்களை அந்த இடத்தில்தான் வைத்துப் பேசுகிறார்கள், கோல்பேயின் இடத்தில் அல்ல.

நம் ஊரில் அப்படி விலை கொடுத்தவர்கள் உண்டா? அல்லது எல்லாம் வெளிநாட்டுச் சரக்கா?
(வாசகர், விழுப்புரம்)

உண்டு. பழைய ஆள் ஒருவர், இன்றைய ஆட்கள் எண்ணற்றோர்.

பழையவர் நட்டாலத்து நீலகண்டன். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர், 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மேல்சாதிக்காரர் ஒருவர், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் புழங்கியது அரண்மனை வட்டாரத்துக்குக் கசந்தது. மூன்று வருஷம் சிறை, சித்திரவதை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம். அதற்கு முன் ரோமாபுரி ஒரு காரியம் செய்தது: அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை எடுத்துவிட்டது. செத்து 268 வருஷம் கழித்து!

இதில் ஒரு கசப்பு உண்டு. அவர் முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில், இரண்டு சாதிக் கிறிஸ்தவர்களும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பலிபீடத்தைப் பார்க்கும்படி இரு கவடாகக் கோயில் கட்டி நடுவில் தடுப்பு வைத்தார்கள். 1910இல் அது அகற்றப்பட்டபோது எதிர்த்து நீதிமன்றம் வரை போனவர்களும் விசுவாசிகள்தான். எல்லோருக்காகவும் ஒரே பலி என்று பூசை நடக்கும், அதைப் பார்க்க இரண்டு வாசல்.

இன்றைய ஆட்கள் யார் என்றால், தலித் கிறிஸ்தவர்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதி ஆக மாட்டார். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது, இவர்களுக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஓர் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சேரியில் அதே வீடு, தெருவில் அதே பார்வை, சான்றிதழ் மட்டும் மாறிவிடுகிறது. தாலுகா ஆபீசில் கிறிஸ்தவன் என்று தள்ளுகிறார்கள், சில ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதி சொல்லி ஒதுக்குகிறார்கள். இரண்டு பக்கமும் கட்டணம் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்கு வருகிற அந்த மனிதரிடம் சிலுவையின் விலையைப் பற்றி மேடையிலிருந்து விளக்கம் சொல்லும் தைரியம் யாருக்காவது இருக்கிறதா?

சிலுவையில் மனந்திரும்பிய கள்வன் ஞானஸ்நானம் பெறவில்லை, சந்தா கட்டவில்லை, நேரே பரதீசுக்குப் போய்விட்டான். நாங்கள் நாற்பது வருஷமாகக் கட்டுகிறோம்!
(சபை மூப்பர், நாசரேத்)

வயிற்றெரிச்சல் நியாயமானதே. ஒரு விஷயத்தில் ஆறுதல் கொள்ளலாம்: திருமண்டலத் தேர்தலில் அவருக்கு ஓட்டு கிடையாது.

என் மாமியார்தான் எனக்குக் கடவுள் கொடுத்த சிலுவை என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறேன். சரிதானே?
(பெயர் வேண்டாம், சென்னை)

இதே வாரம் சென்னையிலிருந்து, மருமகளைப் பற்றி, இதே கேள்வி வந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்றுதான் அதிலும் எழுதியிருக்கிறது.

தலைக்கு வந்த தொல்லைக்கெல்லாம் சிலுவை என்று பெயர் வைப்பது நம்மிடையே உள்ள பழக்கம். மூட்டுவலி, வீட்டுக்கடன், மேல்மாடிக் குடித்தனக்காரர் எல்லாம் சிலுவைதான். இயேசு சொன்னதோ சிலுவையை எடுத்துக்கொள்வதைப் பற்றி. தலையில் விழுந்ததைப் பற்றி அல்ல. விலகிப்போக வழி இருந்தும் விலகாமல், இன்னொருவர் பாரத்தை விரும்பித் தூக்கினால்தான் அந்தப் பெயர் பொருந்தும். மாமியாரின் சர்க்கரைப் புண்ணுக்கு நீங்களே தினமும் கழுவிக் கட்டுப்போடுகிறீர்கள், அதை அவர் காதுபட அக்கம்பக்கத்தில் சொல்லிக் காட்டுவதில்லை என்றால் எழுதுங்கள், யோசிக்கலாம். அதுவரைக்கும் அதற்குக் குடும்பம் என்று பெயர்.